1,250 கிராம் சக்கரம் என்று சொல்லி 1,770 சிங்கப்பூர் வெள்ளி வாங்கினார்கள்

மலைச் சைக்கிளுக்கு இலகுவான கார்பன் சக்கரம் செய்துகொள்ள நினைப்பவர்கள், அதிலும் தொழிற்பேட்டைக் கட்டடங்களின் மேல்மாடியில் இயங்கும் சிறு கடைகளில் முன்பணம் கட்டப்போகிறவர்கள், பணத்தை எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். ஜோடி 1,250 கிராம் என்று எனக்கு விற்ற சக்கரங்கள் தராசில் 1,486 கிராம் காட்டின. அதுகூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். காட்டுப் பாதைக்கு என்று கேட்டு வாங்கிய சக்கரத்தில் சரளைச் சாலைக்கான வளையத்தைப் பூட்டிக் கொடுத்திருந்தார்கள். பின்சக்கரம் செஸ்நட் இயற்கைப் பூங்காவின் பாதையில் விரிசல் விட்டது.

கடையின் பெயரை எழுத முடியாது. கடையுடன் கடைசியில் செய்துகொண்ட சமரசத் தாளில் அப்படியொரு வரி இருக்கிறது. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை எழுதக்கூடாதென்று அந்தத் தாளில் எங்கும் இல்லை.

நான் கேட்டதில் எந்தக் குழப்பமும் கிடையாது. 29 அங்குலம், கிராஸ் கன்ட்ரி (காட்டுப் பாதை) ஓட்டத்துக்கான கார்பன் வளையம், உள்ளகலம் 28 முதல் 30 மி.மீ., சக்கரத்துக்கு 28 தட்டைக் கம்பிகள், முன்னால் 110 மி.மீ., பின்னால் 148 மி.மீ. ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ஷிமானோ 12 கியரைப் பொருத்துவதற்கான மைக்ரோ ஸ்பிளைன் வகை. அத்தனையையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். "கிடைக்கும். ஜோடி 1,250 கிராம். 54 பல் ராட்செட். பந்தயத் தரம்" என்று பதில் வந்தது. ராட்செட் என்பது மிதித்ததும் பின்ஹப்பைப் பிடித்துச் சுழற்றும் பல் அமைப்பு. கூடவே, தராசின் மேல் ஒரு ஜோடி சக்கரம் கிடக்க, எண் 1,248 என்று காட்டும் படம் ஒன்றும் வந்தது.

கணக்குப் போட்டால் அந்த எடை நடக்கக்கூடியதுதான். நல்ல கிராஸ் கன்ட்ரி கார்பன் வளையம் ஒன்று 350 கிராமுக்குக் கிட்டத்தில் இருக்கும். தரமான ஹப் இரண்டும் சேர்ந்து 300 கிராமுக்குச் சற்று மேலே. தட்டைக் கம்பி ஒன்று நாலரைக் கிராம் என்றால் 56 கம்பிக்கு 250 கிராம். கம்பியை வளையத்தில் இறுக்கும் நிப்பிளையும் சேர்த்தால் 1,250 முதல் 1,300க்குள் வந்து நிற்கும். பொய்யை உண்மைக்குப் பக்கத்திலேயே வைத்துச் சொல்லத் தெரிந்தவர்கள்.

சிங்கப்பூரில் ஓட்டுவதற்கு இலகுச் சக்கரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். ஒரு மணி நேரம் ஏறிக்கொண்டே இருக்கும் மலை நம்மிடம் இல்லை. ஆனால் நம் பாதைகளின் சுபாவம் வேறு. பத்து விநாடி ஏற்றம், சட்டென்று வளைவு, வேர்க்கட்டு, வேகம் முழுதும் போய் மறுபடி மிதிக்க வேண்டும். இப்படி நின்று நின்று வேகமெடுக்கும்போது வளையத்திலும் டயரிலும் இருக்கும் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்காகும்; ஒரே வேகத்தில் ஏறும்போது சட்டகத்தில் இருக்கும் எடைக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. ஆகவே இலகுச் சக்கரத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 83 கிலோ போகும்போது 200 கிராமால் உலகம் புரண்டுவிடாது என்பதும் உண்மை. கிராமைத் துரத்துபவர்கள் முதலில் டயரைப் பாருங்கள். அங்கே செலவு குறைவு.

சக்கரம் வந்தது. வாங்கப் போனபோது முதல் வேலையாக 90 வெள்ளி கூடுதலாகக் கேட்டார்கள். பூட்டி வைத்திருந்தது பழைய எச்ஜி வகை ஃப்ரீஹப், அதாவது பின்ஹப்பில் கியர் வட்டுகள் ஏறும் உடல். 10 முதல் 51 பல் வரை உள்ள என்னுடைய கேசட் (கியர் வட்டுத் தொகுதி) அதில் ஏறாது. 10 பல் கொண்ட சிறு வட்டு அந்த உடலில் உட்கார இடமே இல்லை. நான் முதல் நாளே எழுதிக் கேட்டதைக் காட்டினேன். "அது தனி விலை, எல்லாக் கடையிலும் அப்படித்தான்" என்றார் உரிமையாளர். 1,680 வெள்ளி 1,770 ஆனது. வளையம் கொஞ்சம் ஆழமாகத் தெரிகிறதே என்றேன். "காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்" என்றார். காட்டுக்குள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எந்தக் காற்றைக் கிழிப்பதென்று அவருக்கே வெளிச்சம். தராசு கேட்டேன், மின்கலம் தீர்ந்துவிட்டதாம். பில்லில் "29 கார்பன் சக்கரம், 1 ஜோடி" என்று ஒரே வரி.

ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பின்சக்கரம் கோட்டம் போட்டது. கடைக்குக் கொண்டுபோனால் எடுத்துக் கொடுப்பார்கள், அடுத்த ஓட்டத்தில் திரும்பவும் வரும். டயர் சுவர் பிரேக் பக்கத்துச் சட்டகத்தில் உரசும் அளவுக்குப் போனதும் உண்டு. ஒரு ஞாயிறு காலை செஸ்நட்டில், மழை பெய்து ஓய்ந்த செம்மண்ணில், பெரிய குதிப்பு எதுவும் இல்லாத இடத்தில், பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். இறங்கிச் சேற்றைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு நிப்பிள் துளையிலிருந்து இரு பக்கமும் மயிரிழை அளவில் விரிசல் ஓடியிருந்தது. கம்பியைத் தொட்டால் தொளதொளவென்று ஆடியது.

படமெடுத்து அனுப்பினேன். பதில் வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை: "பாறையில் மோதியிருக்கிறீர்கள். மோதலுக்கு உத்தரவாதம் இல்லை."

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். யார் விற்றாலும் இதே வார்த்தையைத்தான் முதலில் எடுப்பார்கள். பாறையில் மோதி உடையும் வளையம் விளிம்பில் உடையும், டயர் உட்காரும் ஓரம் சிதறும் அல்லது பிளவுபடும். என்னுடையதில் விளிம்பு இரண்டும் புதுசு போல வழவழவென்று இருந்தன. நிப்பிள் துளையைச் சுற்றி வரும் விரிசல் வேறு சாதி: கம்பி இழுக்கும் இழுவையை வளையம் தாங்கவில்லை, அல்லது இழுவை தாறுமாறாக இருந்தது என்று பொருள். படமெடுக்கும்போது விரிசலை மட்டும் எடுக்காதீர்கள். விளிம்பு முழுவதையும் சுற்றி எடுத்து வையுங்கள். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்தப் படங்கள்தான்.

நண்பர் ஒருவர் சொல்லி, ஈசூனில் தம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பின்னறையில் பொழுதுபோக்காகச் சக்கரம் கோக்கும் ஓர் அண்ணனிடம் போனேன். ஓய்வு பெற்ற கப்பல்பட்டறை இயந்திரவியலாளர். சக்கரத்தைக் கையில் வாங்கியவர் பேசவில்லை. ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று கீச்சென்றது, அடுத்தது மொத்தென்றது.

"யார் கோத்தது தம்பி இதை?"

"கடையில்தான் அண்ணே. கையால் கோத்தது என்றார்கள்."

"கையால்தான் கோத்திருக்கிறான். காதால் கேட்கவில்லை."

இழுவிசை அளவியை வைத்துப் பார்த்தார். கேசட் பக்கத்தில் ஒரு கம்பி 130 கிலோ காட்ட, இரண்டு தள்ளி இன்னொன்று 70. கேசட் பக்கக் கம்பிகள் மறுபக்கத்தைவிட இறுக்கமாக இருப்பது பின்சக்கரத்தின் இயல்பு. ஒரே பக்கத்துக்குள் இப்படி இருப்பது கோத்தவனின் இயல்பு.

பிறகு தராசு. முன்சக்கரம் 668, பின்சக்கரம் 818. கம்பிகள் தட்டை இல்லை, சாதாரண உருண்டைக் கம்பி. ஒன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் கூடுதல். நான் கடை அனுப்பிய தராசுப் படத்தைக் காட்டினேன். அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். படத்திலிருந்த ஹப்பில் கம்பிகள் நேராக நுழைகின்றன. என்னுடையதில் ஒவ்வொரு கம்பியும் தலையில் வளைந்து துளைக்குள் போகிறது. வேறு யாருடைய சக்கரத்தையோ எடைபோட்ட படம் அது.

ஃப்ரீஹப்பைக் கையாலேயே இழுத்துக் கழற்றினார். உள்ளே 54 பல் ராட்செட் வளையங்கள் இல்லை. சிறிய கொக்கிகள் மூன்று, சுற்றி 24 பல். 54 பல் என்றால் மிதித்ததும் ஏழு பாகைக்குள் பிடித்துக்கொள்ளும். 24 என்றால் 15 பாகை வரை வெறுமனே சுழலும். வேர்க்கட்டின் மேல் பாதி மிதி மிதித்து ஏறும்போது இந்த இடைவெளி காலில் தெரியும். எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. கேட்டபோதெல்லாம் "புது ஹப், பழகும்" என்றார்கள்.

கடைசியாக வளையத்தின் கம்பித் துளைகளை மூடியிருக்கும் உள்டேப்பை உரித்தார். டயர் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் காய்ந்து தோலாகப் படிந்திருந்தது. அதைத் துடைத்ததும் கீழே ஒரு சின்ன வெள்ளை ஒட்டுத்தாள்: 700சி, உள்ளகலம் 24, அதிகபட்சக் காற்றழுத்தம், பக்கத்தில் வட்டத்துக்குள் 2 என்ற எண்.

விஷயம் முழுதும் அந்த 2க்குள் இருந்தது. ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பு சைக்கிள்களைப் பயன்பாட்டின்படி எண்ணிட்டு வகுத்திருக்கிறது. 1 தார்ச்சாலை. 2 சரளைப் பாதை, 15 செ.மீ. உயரம் வரையிலான இறக்கம். 3 கரடுமுரடான காட்டுப் பாதை, 61 செ.மீ. வரை, கிராஸ் கன்ட்ரி இதில்தான் வருகிறது. அதற்கு மேலே உள்ளவை முரட்டு மலையிறக்கங்களுக்கு. இந்த மோசடி எப்படிக் கண்ணில் படாமல் போகிறதென்றால், சாலைச் சைக்கிளின் 700சி வளையமும் மலைச் சைக்கிளின் 29 அங்குல வளையமும் டயர் உட்காரும் இடத்தில் ஒரே அளவு, 622 மி.மீ. டயர் ஒழுங்காக ஏறும், காற்று நிற்கும், சுற்றும். ஒட்டுத்தாளை டேப்புக்கு அடியில் மறைத்து, வெளியே பளபளவென்று வேறு எழுத்து ஒட்டிவிட்டால் சாட்சி கிடையாது.

கடைக்காரரிடம் இதையெல்லாம் வைத்தபோது வந்த பதில்: "நீங்கள் டேப்பைக் கழற்றிவிட்டீர்கள். உத்தரவாதம் போய்விட்டது."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, லெமன் சட்டம் என்று பொதுவாக அழைக்கப்படும் விதிகளின்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர்தான். பழுதுபார்ப்பு, மாற்று, விலைக் குறைப்பு, பணம் திருப்புதல் ஆகியவை அதில் உள்ள பரிகாரங்கள். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தனிமனிதர் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் பொருந்தாது; இணையத்தில் "என் சொந்தச் சக்கரம்" என்று விற்பவரிடம் வாங்குவோர் இதை மனத்தில் வையுங்கள்.

பயனீட்டாளர் சங்கமான கேஸ் மூலம் கடிதம் போனது. கடை அசையவில்லை. பிறகு சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே பதிந்தேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் கூடாது, இரு தரப்பும் நேரே பேச வேண்டும். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டாண்டுக்குள் போக வேண்டும். கலந்தாய்வில் உரிமையாளர் பில்லை நீட்டினார்: "29 கார்பன் சக்கரம் என்றுதானே எழுதியிருக்கிறது? கொடுத்திருக்கிறேனே." நான் வாட்ஸ்அப் பதிலை நீட்டினேன்: 1,250 கிராம், 54 பல், பந்தயத் தரம். அதற்குப் பிறகு அவர் குரலில் பழைய உறுதி இல்லை. இரண்டு சக்கரங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டு 1,200 வெள்ளி பெற்றுக்கொள்வதாக முடிந்தது. மீதி 570 வெள்ளியும், விடுப்பு எடுத்த நாள்களும் என் கணக்கில்.

அந்தப் பணத்தில் அண்ணன் எனக்கு அலுமினிய வளையத்தில், பித்தளை நிப்பிளுடன் ஒரு ஜோடி கோத்துக் கொடுத்திருக்கிறார். பித்தளை கொஞ்சம் கனம்தான். ஆனால் நம் ஊர் ஈரத்திலும் வியர்வையிலும் அலுமினிய நிப்பிள் அரித்துப்போகும், கார்பனை ஒட்டி இருந்தால் இன்னும் வேகமாக. ஜோடி 1,640 கிராம். என் கண்முன்னே எடைபோட்டு, கைப்பட எழுதிக் கொடுத்தார்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் நிற்கும்போதே இதைச் செய்யுங்கள். வளையத்தின் மாடல், உள்ளகலம், பயன்பாட்டு எண், ஹப்பின் பெயர், கம்பியின் வகை எல்லாம் பில்லில் வரவேண்டும். எழுத மறுத்தால் வாசல் அங்கேயே இருக்கிறது. பையில் வைத்துக்கொள்ளும் பயணப்பெட்டித் தராசு பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது; அதைக் கொண்டுபோங்கள். டேப் ஒட்டுவதற்கு முன் வெறும் வளையத்தைப் படம் கேளுங்கள். ஃப்ரீஹப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான இன்றைய ஹப்புகளில் அது ஒரு நிமிட வேலை. கம்பிகளைச் சுண்டிப் பாருங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒன்று உண்டு. நான் திருப்பிக் கொடுத்த முன்சக்கரம், வேறொரு பின்சக்கரத்துடன் ஜோடி சேர்க்கப்பட்டு, "பந்தயத் தரம், 1,250 கிராம், ஓட்டாதது" என்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. வால்வு துளைக்கு இடப்புறம் அரை அங்குலம் தள்ளி, பிறை வடிவில் ஒரு கீறல் இருக்கும். உபின் தீவில் நான் சைக்கிளைப் படகிலிருந்து இறக்கும்போது விழுந்தது. படத்தில் அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பி வைத்திருக்கிறார்கள். நேரில் போனால் திருப்பிப் பாருங்கள்.