டூயல் ஸ்டாக்கா, ஐபிவி6 மட்டுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை, ஏற்காட்டில் காபித் தோட்டம். இரண்டையும் வைத்திருப்பவர் இணைய முகவரிகளின் புதிய முறையான ஐபிவி6-க்கு மாற இரண்டு வழி உண்டு.

டூயல் ஸ்டாக்கில் பழைய முகவரியும் (ஐபிவி4) புதியதும் (ஐபிவி6) சேர்ந்தே ஓடும். ஐபிவி6 தெரியாத பழைய கேமரா ரெக்கார்டரும் கைரேகை மெஷினும் அதுபாட்டுக்கு வேலை செய்யும். ஆனால் எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வால் விதிகளை இரண்டு முகவரி முறைக்கும் எழுத வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐபிவி4-இல் நாட் (NAT) எனும் முகவரி மாற்றத்துக்குப் பின்னால் மறைந்திருந்த கருவி, ஐபிவி6-இல் வெளியே தெரியக்கூடும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ரூட்டரிலேயே முதலில் தடுத்துவிடுங்கள். அப்புறம் தேவையானதை மட்டும் திறங்கள்.

ஐபிவி6 மட்டும் என்றால் பராமரிப்பு குறையும். ஐபிவி4-இல் மட்டும் இருக்கும் தளங்களை, இரண்டு முறைக்கும் இடையே மாற்றித் தரும் நாட்64, தளப் பெயருக்கு ஐபிவி6 முகவரி உருவாக்கித் தரும் டிஎன்எஸ்64 இரண்டும் சேர்ந்து எட்டவைக்கும். ஜியோவின் மொபைல் நெட்வொர்க் ஐபிவி6-ஐ அடித்தளமாகக் கொண்டதுதான். ஆனால் ஐபிவி4 எண்ணையே நேரடியாக எழுதிவைத்த பில்லிங் மென்பொருளை டிஎன்எஸ்64 காப்பாற்றாது.

ஆசிய பசிபிக் பகுதியின் ஐபிவி4 கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இன்று ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வதால், தோட்டத்துக் கேமராவைக் கடையிலிருந்து நேரடியாகத் திறப்பது கடினம். ஐபிவி6 அதைத் தீர்க்கிறது.

என் கருத்தில், கடைக்கு டூயல் ஸ்டாக். புதிதாகப் போடும் தோட்டத்துக்கு ஐபிவி6 மட்டும். சேவை நிறுவனம் தரும் முகவரித் தொகுதியில் /64 என்பது ஒரே நெட்வொர்க்குக்குத்தான்; அது போதாது, பெரிய தொகுதியான /56 கேளுங்கள். அதில் 256 தனித்தனி நெட்வொர்க் பிரிக்கலாம். கேமராவும் பில்லிங்கும் ஒன்றில் கலக்க வேண்டியதில்லை.