ஃபைகா கேள்விகள்: சென்னை கவுன்சலிங் அறைக்கு ஒத்துவருமா?

ஃபைகா (FICA) என்பது கிளையன்ட்டின் ஆன்மிகத்தைக் கேட்டறிய 1996-ல் அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கியும் சகாக்களும் உருவாக்கிய கேள்விக் கருவி. நம்பிக்கை, அதன் முக்கியத்துவம், சார்ந்த சமூகம், சிகிச்சையில் அதற்கான இடம் என்று நான்கே படிகள். மதிப்பெண் போடும் வேலை கிடையாது.

சொதப்புவது முதல் படியில்தான். "சாமி கும்பிடுவீங்களா?" என்றால் "ம், கும்பிடுவேன்" என்பதோடு பேச்சு நின்றுவிடும், பெரியார் வழி வந்தவரோ முகம் சுளிப்பார். "மனசு உடையறப்ப எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேளுங்கள். பெசன்ட் நகர் மாதா கோயிலும் வரும், குலதெய்வத்துக்குப் பாக்கி நிற்கும் முடிகாணிக்கையும் வரும், "எனக்கு அதெல்லாம் கிடையாது" என்பதும் கூச்சமில்லாமல் வரும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கேட்க வேண்டாம்.

நான்காவது படிதான் இதன் பலம். உதாரணமாக, பைபோலார் போன்ற மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமோ நோன்போ இருந்தால் உடலில் நீர் குறைந்து, ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறலாம். "விரதத்தை விடுங்க" என்று நாமே சொல்வதும், பரிகாரம் சொல்வதும் நம் வேலையல்ல; மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே பேசச் சொல்ல வேண்டும்.

பெரிய குறை: நம்பிக்கையே காயப்படுத்துவதைப் பற்றி நேரடிக் கேள்வி இல்லை. "சாமி தண்டிக்கிறதா தோணுதா?" என்பதை நாமே சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆமென்றால், தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.