ஸ்கூபி டூ: ஒரே அச்சுக் கதையா, தொடர்கதையா?

1969இல் தொடங்கிய முதல் ஸ்கூபி டூ கார்ட்டூன் தொடரில், மர்மங்களைத் துப்பறியும் நண்பர் குழுவின் முன் பேய் தோன்றும், குழுவைச் சேர்ந்த ஷாகியும் அவனுடைய நாய் ஸ்கூபியும் தலைதெறிக்க ஓடுவார்கள், பொறி வைக்கப்படும், முகமூடியைக் கழற்றினால் பேராசை பிடித்த மனிதர் ஒருவர் அகப்படுவார். முதல் அத்தியாயத்திலேயே, கருப்புக் கவச வீரனாக உலவியவர் அருங்காட்சியகக் காப்பாளர்தான். காணாமற்போன ஓவியம் மீண்டும் சுவரில் தொங்கும்போதே, கூர்ந்து கவனிக்கும் குழந்தைக்கு அது போலியாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்துவிடுகிறது. கதையின் தடம் மாறாததால்தான் குழந்தையின் கவனம் முழுவதும் தடயங்களின் மேல் குவிகிறது. இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே குழுவை வைத்து 2010இல் வந்த மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட் தொடரிலும் முகமூடிகள் கழல்கின்றன. ஆனால் 52 அத்தியாயங்களையும் ஒரு பெரிய மர்மம் இழையாகக் கோக்கிறது. நண்பர்களுக்குள் விரிசல் விழுகிறது, பெற்றோரின் பொய்கள் வெளிப்படுகின்றன. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆழம் பிடிக்கும். ஆயினும் இறுதியில் உண்மையான தீய சக்தியே வந்துவிடுவதால், பேய்க்குப் பின்னால் மனிதரே இருப்பார் என்ற பழைய உறுதிமொழி உடைகிறது. எனவே சிறு குழந்தைகளுக்கு 1969ஆம் ஆண்டுத் தொடரையே முதலில் காட்டுவேன்.