ஐந்தடியா, சாலையோர நடைபாதையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் நடந்து போகிறவர்களுக்கு இரண்டு வழிகள்: கடை வரிசைக்கு முன்னுள்ள கூரை போட்ட ஐந்தடி என்னும் நடைவழி, சாலையோரம் கல் பதித்த திறந்த நடைபாதை. நகராண்மைக் கழகம் கையிலிருக்கும் பணத்தை எதில் போடலாம்?

1822-இல் ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டம் ஐந்தடியைக் கட்டாயமாக்கியது. பிறகு அது மலாய்த் தீபகற்பத்து ஊர்களுக்கும் பரவியது. நம் வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அதைவிட நல்ல குடை கிடையாது. கடைக்குக் கடை தரைமட்டம் மாறுவதுதான் தொல்லை. துணிக்கடை வாசலில் ஒரு சாண் படி. அடுத்த மளிகைக் கடையில் ஈரத்தில் வழுக்கும் ஓடு, அதன்மேல் அரிசி மூட்டைகள், எண்ணெய் டின்கள். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி முழங்கால் தேய்ந்த பாட்டி, வேறு வழியின்றிச் சாலையில் இறங்குகிறார். மோட்டார் சைக்கிள்கள் அவரை உரசிக்கொண்டு போகின்றன. ஐந்தடியை அடைப்பது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். பிறகு ஏன் இந்த மூட்டைகள்?

திறந்த நடைபாதையைச் சமமாகப் போடலாம்; சக்கர நாற்காலி தடையின்றி ஓடும். ஆனால் நண்பகலில் அதில் யார் நடப்பார்? தடுப்புக் கட்டை வைக்காவிட்டால் கார்கள் ஏறி நிற்கும்.

என் வாக்கு ஐந்தடிக்கே. படிகளைச் சரிவாக்கி, சொரசொரப்பான ஓடு பதித்து, சரக்கைக் கடைக்குள் ஏற்றச் சொல்ல வேண்டும். கிளினிக்குக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையிலுள்ள வரிசையில் தொடங்கலாம். புதிய நடைபாதை, கடைகளே இல்லாத பள்ளிச் சாலைக்குத் தேவை.