முட்டி வலிக்காக பைக் ஃபிட் பண்ணேன், மூணு மாசம் ஓட்டிட்டு சொல்றேன்

சைக்கிள்ல 40 கிலோமீட்டர் தாண்டினா போதும், வலது முட்டில முன்பக்கம், சில்லுக்குக் கொஞ்சம் கீழ சுருக்கு சுருக்குனு குத்தும், வீட்டுக்கு வந்து படி இறங்கறப்போ இன்னும் மோசம். கூட ஓட்டறவங்க சீட்ட ஏத்துன்னாங்க, நானும் ஒரே நாள்ல 30 மில்லிமீட்டர் ஏத்திட்டேன். முன்பக்க வலி கொறஞ்சுது, ஆனா பத்தே நாள்ல முட்டிக்குப் பின்னாடி மடிப்புல இழுக்க ஆரம்பிச்சுது, மிதிக்க மிதிக்க இடுப்பு வேற ரெண்டு பக்கமும் ஆடுச்சு. அப்போதான் பைக் ஃபிட் புக் பண்ணேன், அதாவது நம்ம ஒடம்புக்கு ஏத்த மாதிரி சைக்கிளோட சீட்டு, ஹேண்டில்பார் எல்லாத்தையும் அளந்து சரி பண்றது.

ஃபிட்டர் மொத அரை மணி நேரம் பைக்க தொடவே இல்ல. முட்டி வீங்குதா, மடக்கறப்போ லாக் ஆகுதா, சும்மா படுத்திருந்தாலும் வலிக்குதான்னு கேட்டார், இதுல ஒண்ணு இருந்தாலும் மொதல்ல டாக்டர பாத்துட்டு வாங்கன்னார். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அப்புறம் வலிக்கற எடத்த ஒரு விரலால தொட்டுக் காட்டச் சொன்னார். முன்பக்கம்னா பெரும்பாலும் சீட் தாழ்வா இருக்கும் இல்ல ரொம்ப முன்னாடி தள்ளி இருக்கும், பின்பக்கம்னா அதுக்கு நேர் எதிர், உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலிச்சா கிளீட்ட, அதாவது ஷூவ பெடலோட பூட்டறதுக்கு ஷூ அடில மாட்டற துண்ட, பாக்கணும். எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனா தேட ஆரம்பிக்கற எடம் இதுதான்.

அடுத்து பைக்க டிரெய்னர்ல, அதாவது நின்ன எடத்துலயே மிதிக்கற ஸ்டாண்டுல மாட்டி, இடுப்பு முட்டி கணுக்கால்ல புள்ளி ஒட்டி, பக்கத்துல ஒரு கேமரா எதிர்ல ஒரு கேமரா. பெடல் கீழ வர்றப்போ முட்டி 30ல இருந்து 40 டிகிரிக்குள்ள மடங்கி இருக்கணும்னு பாக்கறாங்க. நான் ஏத்தி வச்சிருந்ததுல 28 தான் வந்துச்சு, கால் எட்டாம விரல் நுனியால துழாவிட்டு இருந்திருக்கேன். பழைய ஒசரத்துக்கு சீட் போஸ்ட்ல டேப் ஒட்டி வச்சிருந்தேன், அங்க எறக்கிப் பாத்தா 42. அதாவது ஏத்துனது சரி, ஏத்துன அளவுதான் தப்பு. இன்னொண்ணு எனக்கு யாரும் சொன்னதே இல்ல, சீட் போஸ்ட் சொருகற ஃபிரேம் குழாய் (சீட் ட்யூப்) சாய்வா இருக்கறதால 30 மில்லிமீட்டர் ஏத்துனா சீட் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் பின்னாடியும் போயிடும், பின்பக்க வலிக்கு அதுவும் சேந்துதான் காரணம்னார். 16 எறக்கினார், லேசா முன்னாடி தள்ளினார், 36 டிகிரில நின்னுச்சு.

எதிர்ல இருந்து எடுத்த வீடியோல வலது முட்டி ஒவ்வொரு மிதிக்கும் ஃபிரேமோட மேல் குழாய் (டாப் ட்யூப்) பக்கமா சாஞ்சுது. என் ஷூல இருக்கறது ஷிமானோ மஞ்ச கிளீட், 6 டிகிரி அசைவு உண்டு, ஆனா நான் மாட்டுன கோணத்துல கால் ஒரு ஓரத்துலயே முட்டிட்டு நின்னுச்சு. அத திருப்பி மாட்டினதும் முட்டி நேரா ஏறி எறங்குச்சு, வீடியோவ பாத்தப்போ நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. கனமான கியர்ல 65 கேடன்ஸ்ல, அதாவது நிமிஷத்துக்கு 65 சுத்து மிதிக்கற பழக்கத்தையும் விடச் சொன்னார். இப்போ 85ல ஓட்டறேன், அதுல மணிக்கு ஒவ்வொரு முட்டியும் 5100 தடவ மடங்கி நீளும், அப்போ கோணம் கொஞ்சம் தப்பா இருந்தாக்கூட சும்மா விடுமா.

கொறைனு பாத்தா ஹேண்டில்பார் ரீச்ச, அதாவது அது எவ்வளவு எட்டத்துல இருக்குன்றத, அவசர அவசரமா பாத்து முடிச்சிட்டார். அளவு எல்லாம் எழுதின தாள நானா கேட்டுதான் வாங்கினேன், அது கேக்காமலே குடுக்க வேண்டியது. இடது கிளீட்டால முட்டியோட வெளிப்பக்கம் புதுசா இழுத்துச்சு, ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் போனேன், பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டார், கூடுதலா காசு கேக்கல. பெடல் மாட்டியிருக்கற தண்டு, அதான் கிராங்க், 172.5 மில்லிமீட்டர் நீளம், அத 165க்கு மாத்தலாமான்னு கேட்டதுக்கு இப்ப வேண்டாம், ஒரு நேரத்துல ஒண்ணு மாத்துனாதான் எதால சரியாச்சுன்னு தெரியும்னார், விக்கற ஆசை இல்லாத பதில்.

மொத வாரம் 20, 25னு மெதுவாத்தான் ஓட்டினேன், தொடை வேற மாதிரி வலிச்சுது, அது போயிடுச்சு. போன வாரம் 90 கிலோமீட்டர் முடிச்சிட்டு படி எறங்கினேன், முட்டி ஒண்ணுமே சொல்லல. போறவங்க தெனமும் போடற ஷூவையே எடுத்துட்டுப் போங்க, திரும்பி வந்தப்புறம் கிளீட் தேஞ்சு மாத்தறதா இருந்தா சுத்தி பேனாவால கோடு போட்டுட்டு கழட்டுங்க.