ஓசிக்கு 3,500 ரூபாய்: "ட்யூன் பண்ணித் தர்றோம்" என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

பில்லில் ஆறாவது வரி: "ஓ.சி. செட்டிங் - 3,500". ஓசி என்றால் காசில்லாமல் கிடைப்பது என்றுதான் நாற்பத்து நாலு வருஷமாக எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற ஓவர்கிளாக்கிங்கைக் கடைக்காரர்கள் இப்படிச் சுருக்குகிறார்கள் என்பதோ, அந்த ஒரு வரியால் பதினோராயிரத்து நூறு ரூபாய் போகும் என்பதோ 2023 பொங்கல் சமயத்தில் தெரியாது.

திருமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோதான் பிழைப்பு. எடிட்டிங்குக்காக மதுரையில் ஒரு கடையில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ப்ராசசர் கோர் ஐ5 12600கே. "சாதாரணமா ஓட்டுனா 4.9 கிகாஹெர்ட்ஸ்தான் அண்ணே. நாங்க எல்லாக் கோரையும் 5.1ல லாக் பண்ணித் தர்றோம், கேரண்டி" என்றார் கவுண்டரில் இருந்தவர். (கோர் என்றால் ப்ராசசருக்குள் இருக்கிற தனித்தனிக் கணக்குப் பிரிவு.) ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக எழுதி எடுப்பது, வேகமாக முடியும் என்றால் யாருக்குக் கசக்கும்? தலையாட்டினேன்.

தை, மாசி முகூர்த்தமெல்லாம் பெரிய தொல்லை இல்லாமல் போனது. எப்போதாவது ஹேங் ஆகும், ரீஸ்டார்ட் போட்டால் சரியாகிவிடும். வினை கத்திரி வெயிலில் ஆரம்பித்தது. எடிட்டிங் ரூமில் ஏசி கிடையாது, ஒரு டேபிள் ஃபேன்தான். ரெண்டர் எழுபது, எண்பது சதவீதம் போகும், நீலத்திரை வந்து நிற்கும். "வீயா அன்கரெக்டபிள் எரர்" என்று ஒருநாள், "கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்" என்று இன்னொரு நாள்.

நீலத்திரையையாவது பொறுத்துக்கொள்ளலாம், கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வைகாசிக் கல்யாணத்தில் நடந்ததுதான் எனக்குக் குலை நடுங்க வைத்தது. ரெண்டர் ஒழுங்காக முடிந்தது, பிழை என்று எதுவும் சொல்லவில்லை. பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா போன். தாலி கட்டுகிற இடத்தில், அட்சதை விழுகிற அதே நொடியில், பெண்ணின் கன்னத்தில் பச்சைச் சதுரம் ஒன்று தோன்றி மறைகிறது. கேமராவில் எடுத்த மூலத்தைப் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எக்ஸ்போர்ட்டில்தான் கோளாறு. ப்ராசசர் எங்கேயோ கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, தப்பு என்று தெரியாமலேயே மேலே போயிருக்கிறது. கிராஷ் ஆகாத ஓவர்கிளாக் எல்லாம் நல்ல ஓவர்கிளாக் இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கடைக்குப் போன் போட்டேன். முதல் பதில்: "உங்க ஊர்ல கரண்ட் சரியில்ல அண்ணே." ஸ்டூடியோவில் யூபிஎஸ் இருக்கிறது என்றதும் பேச்சு விண்டோஸுக்குத் தாவியது. சிபியூவை டிவிஎஸ்ஸில் முன்னால் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போய், 700 ரூபாய் கொடுத்து விண்டோஸ் மாற்றிக்கொண்டு வந்தேன். நாலாம் நாள் மறுபடி நீலத்திரை. அடுத்து எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துத் தருகிற பெட்டி. "லோடு தாங்கல அண்ணே, 550 வாட் பத்தாது, 750 போட்டுடுவோம்." அந்த 550 வாட்டை ஜனவரியில் "தாராளமாப் போதும்" என்று எழுதிக் கொடுத்ததும் இதே ஆள்தான். 6,900 கொடுத்தேன். பழசை நானே கேட்டு வாங்கி வந்தேன். அது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் செய்த புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு முறையும் கடையில் ஓட்டிக் காட்டுவார்கள். சினிபெஞ்ச் என்கிற வேகச் சோதனை ஒரு ரவுண்டு, பத்து நிமிஷம், ஏசி அறையில். "பாருங்க, இங்க நல்லாத்தான ஓடுது." ஆமாம், அங்கே நல்லாத்தான் ஓடியது.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை, கையில் நேரம் இருந்தது. மச்சினன் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், லீவுக்கு வந்திருந்தான். "மாமா, பயாஸ்ல என்ன போட்டிருக்காங்கன்னு பாத்தீங்களா?" என்றான். கேபினட்டைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், அதற்குப் பயந்து எதையும் தொட்டதில்லை. விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற, மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கிற இடம்தான் பயாஸ். அதைப் பார்க்க எதையும் திறக்க வேண்டாமாம். ஆன் பண்ணும்போது டெலீட் கீயைத் தட்டினால் போதும்.

மல்டிபிளையர் 51. அடிப்படை வேகமான நூறு மெகாஹெர்ட்ஸை 51ஆல் பெருக்கினால் 5.1 கிகாஹெர்ட்ஸ், அது சொன்னபடிதான். வோல்டேஜ் 1.40ல் ஆணியடித்து வைத்திருந்தது. வேலை கூடும்போது வோல்டேஜ் இறங்காமல் பிடித்து வைக்கிற லோடு லைன் என்கிற செட்டிங் உச்சத்தில். ரேமை அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுகிற எக்ஸ்எம்பி ஆன், 3600. இத்தனைக்கும் சூட்டை இறக்க ப்ராசசர் தலையில் இருந்தது ஒற்றை டவர் ஏர் கூலர். அவன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான்: சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.2ஐ 1.4 ஆக்கினால் அதிலேயே 36 சதவீதம் அதிகம், வேகத்தைக் கூட்டியதற்கு அதற்கு மேல் தனி.

ப்ரைம்95 என்று ஒரு இலவச மென்பொருள். மெர்சன் பகா எண் தேடுகிறவர்களுக்காக எழுதியது. போடுகிற கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும், அதனால் பொய் சொல்கிற ப்ராசசரைப் பிடித்துக் கொடுத்துவிடும். பக்கத்தில் சூட்டையும் வேகத்தையும் காட்டுகிற ஹெச்டபிள்யூஇன்ஃபோவையும் திறந்து வைத்து ஓட்டினோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, 100 டிகிரி. இந்த ப்ராசசருக்கு அதுதான் எல்லை, அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 5.1 என்று காசு வாங்கிய எண் 4.4க்கும் 4.6க்கும் நடுவில் ஊசலாடியது. ஆறாவது நிமிஷம் ஒரு வரி: ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் குறைவு. கணக்கு தப்பிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பச்சைச் சதுரத்தின் ஜாதகம் அதுதான். விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் (ஹார்டுவேர் பிழைப் பதிவு), எண் 19 என்று மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக நின்றன. சமாளித்துத் திருத்திக்கொண்ட பிழைகளாம் அவை. விண்டோஸ் மாற்றியதில் பழைய பதிவுகள் அழிந்துவிட்டன, அதற்கப்புறம் சேர்ந்ததே அறுபதுக்கு மேல். (விண்டோஸை மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு மூளை அவர்களுக்கு இல்லை என்கிறான் பையன்.)

பயாஸை ஃபேக்டரி டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரி முழுக்க ப்ரைம்95 ஓட்டினோம். ஒரு பிழை இல்லை. மறுநாள் எக்ஸ்எம்பியை மட்டும் ஆன் செய்து, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86, நாலு சுற்று. அதுவும் சுத்தம், ஆக ரேம் குற்றவாளி இல்லை. மூன்றாம் நாள் பழைய 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி மாட்டி ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதில் பையன் கறாராக இருந்தான். கடையில் இதைத்தான் செய்யவே இல்லை.

நாற்பது நிமிஷக் கல்யாண வீடியோ ஒன்றை வைத்து நேரம் பார்த்தேன். கடை செட்டிங்கில், கிராஷ் ஆகாத நாளில், 57 நிமிஷம். டிஃபால்ட்டில் 52. மெதுவாக்குவதற்கு 3,500 கொடுத்திருக்கிறேன்.

ஒரே தட்டில் ஊற்றிய இட்லியே ஒன்றுபோல் வருவதில்லை. ஒரே மாடல் ப்ராசசர் இரண்டு எடுத்தால் ஒன்று 5.1 தாங்கும், இன்னொன்று தாங்காது. அந்தந்தச் சில்லை மணிக்கணக்கில் சோதித்துத்தான் சொல்ல முடியும். என்னுடையதைச் சோதிக்கவே இல்லை என்பதற்குச் சாட்சி பயாஸிலேயே கிடந்தது: "ஃபைவ் ஒன் ஆல்" என்று சேமித்து வைத்த ப்ரொஃபைல். உசிலம்பட்டியில் இதே கடையில் வாங்கிய இன்னொரு ஸ்டூடியோக்காரரைப் பார்க்கச் சொன்னேன். அதே பெயர், அதே 1.40. பென்டிரைவில் வைத்திருந்து எல்லா மெஷினிலும் ஏற்றுகிறார்கள். சமையல்காரர் ஒரே அளவு உப்பை நூறு பேர் சாம்பாருக்கும் பத்து பேர் சாம்பாருக்கும் போட்ட கதை. கம்பெனி சொன்ன அளவைத் தாண்டி வேகத்தையும் வோல்டேஜையும் கூட்டினால் ப்ராசசரின் வாரண்டியே கைவிட்டுப் போகலாம் என்பதையும் பில் போடும்போது யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

இப்படி ட்யூன் பண்ணித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், எத்தனை வோல்ட், எந்தச் சோதனை, எத்தனை மணி நேரம், அறை எவ்வளவு சூடு என்று கேளுங்கள். பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்து இப்படி நிற்கிறது என்றால், எந்தப் பாகத்துக்கும் காசு கொடுப்பதற்கு முன்னால் பயாஸை டிஃபால்ட்டுக்கு மாற்றி ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான், அதையும் அணைத்துவிட்டு.

எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நீங்கதான அண்ணே ஸ்பீடு வேணும்னு கேட்டீங்க" என்றார் முதலாளி. 1915க்குப் போன் செய்து, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். பில்லும் படங்களும் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதற்கும் தயார் என்று கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டேன். ஒன்பதாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கொண்டு வந்தால் 6,900 தருவார்களாம். 3,500 செய்த வேலைக்கான கூலியாம், அது வராது. விண்டோஸ் போட்ட 700 பற்றிப் பேச்சே இல்லை.

எஸ்எம்பிஎஸ் என்னிடம் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. கவுண்டரில் வைத்தேன். முதலாளி பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் அதை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தான். ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டான், நான் கொண்டுபோன அதே அட்டைப்பெட்டியில் வைத்து, மூடியில் புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பின்னால் இருந்த ஷெல்ஃபில் மற்றப் பெட்டிகளோடு ஏற்றினான்.