தொலைக்காட்சி இசை: தொடருக்கு அமைப்பதா, லைப்ரரிக்குக் கொடுப்பதா, சொந்தப் பாடலுக்கு உரிமம் வழங்குவதா?

பாடலை எழுதி, அதை ஒலிப்பதிவாகத் தாமே தயாரிக்கவும் தெரிந்த ஒருவருக்குத் தொலைக்காட்சியில் மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. வேலை ஒன்றுபோலத் தோன்றினாலும், உரிமை யாரிடம் தங்குகிறது, பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதில் மூன்றும் வெகுவாக வேறுபடுகின்றன.

தொடருக்கென்றே இசையமைப்பவருக்கு முன்பணம் உண்டு. பெயர் திரையில் வரும். இயக்குநருடன் ஏற்படும் பழக்கம் அடுத்த வாய்ப்பையும் தேடித்தரும். ஆனால் படத்தொகுப்பு தாமதமானால் அந்த நெருக்கடி முழுவதும் இசையமைப்பாளரின் தலையில்தான் விடியும். பல ஒப்பந்தங்களில் பதிப்புரிமையும் தயாரிப்பு நிறுவனத்துக்கே போய்விடுகிறது. அப்படிப் போனாலும் ஒளிபரப்பாகும்போது கிடைக்கும் உரிமைத் தொகையான ராயல்டியில் எழுதியவரின் பங்கு தமக்கே உரியது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஆயத்த இசையைச் சேர்த்து வைத்து, நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு உரிமத்தில் தரும் மியூசிக் லைப்ரரி புதிய ஏற்பாடு அன்று. லண்டனின் டி வுல்ஃப் நிறுவனம் 1909இலேயே தொடங்கப்பட்டது. எந்தக் காட்சிக்கு என்று தெரியாமலே இசையமைத்துக் கொடுப்பதால், படத்தொகுப்பாளர் எந்த இடத்திலும் வெட்டி ஒட்டும்படி இசைத் தடம் அமைய வேண்டும்: தெளிவான முடிவு, 30 மற்றும் 60 விநாடி வடிவங்கள், மெட்டு நீக்கிய வடிவம், வாத்தியப் பகுதிகளைத் தனித்தனியே பிரித்த பதிவுகளான ஸ்டெம்கள். இசைத் தயாரிப்பாளராகக் கை பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் வசனத்தின் அடியில் ஓடவேண்டிய இசையில் பாடல் வரிகள் இடைஞ்சலாகிவிடுவதால், பாடலாசிரியருக்கு இங்கே வேலை குறைவு. வருமானமும் ஒளிபரப்புக்குப் பல மாதங்கள் கழித்தே, சிறு சிறு தொகையாக வரும்.

சொந்தப் பாடலுக்கு உரிமம் வழங்குவதில்தான் இரட்டைத் திறமைக்கு முழுப் பயன் கிடைக்கிறது. ஒரு பாடலைக் காட்சியில் சேர்க்க, பாடலின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை என இரண்டு அனுமதிகள் தேவை. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் ஒரே கையெழுத்தில் காரியம் முடியும் என்பதால், காட்சிக்குப் பாடலைத் தேர்ந்து அனுமதி வாங்கும் இசை மேற்பார்வையாளர் அவசரத்தில் இருக்கும்போது அத்தகைய பாடலையே விரும்புவார். உடன் எழுதியவரின் பங்கும் பாடகரின் சம்மதமும் எழுத்தில் இல்லாவிட்டால், அல்லது அனுமதி பெறாத சாம்பிள் (வேறொரு பதிவிலிருந்து எடுத்த துண்டு) ஒன்று உள்ளே இருந்தால், இந்த அனுகூலம் அப்படியே போய்விடும். வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாததால், இதை மட்டும் நம்பி மாதச் செலவைத் திட்டமிட இயலாது.

மூன்றுக்கும் பொதுவான ஆவணம் க்யூ ஷீட். எந்த இசை, எத்தனை விநாடி, எழுதியவர் யார், பாடல் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளர் யார் என்ற விவரங்களைத் தயாரிப்பு நிறுவனம் அதில் குறித்து அனுப்புகிறது. 1914இல் தோன்றிய அமெரிக்காவின் ஆஸ்காப், பிரிட்டனின் பிஆர்எஸ் போன்ற இசைப் படைப்பாளர் சங்கங்கள் அதை வைத்தே தொலைக்காட்சிக்கான ராயல்டியைப் பிரிக்கின்றன. பெயர் விடுபட்டால் பணமும் விடுபடும். கேட்டு நகல் வாங்கிக்கொள்வதில் கூச்சமே கூடாது.

என் கணிப்பில், தொடக்க ஆண்டுகளில் பாடல் வரிகள் இல்லாத தடங்களை லைப்ரரிக்கு அளித்து, நல்ல பாடல்களை உரிமத்துக்கென்று கையிலேயே வைத்திருப்பது சரியான பங்கீடு. தொடர் வாய்ப்பு வந்தால் ஏற்கலாம்; ஆனால் ராயல்டிக்குப் பதிலாக ஒரே தொகை தருவதாகச் சொன்னால், அத்தொடர் எத்தனை நாடுகளில், எத்தனை முறை மறு ஒளிபரப்பாகக் கூடும் என்பதைக் கணக்கிட்டே அத்தொகையைப் பேச வேண்டும்.